கிராம்பு போடாத பீரில் கிராம்பு வாசம்: பெல்ஜிய ஈஸ்ட் ஏலைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி

பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் பட்டியல் இது: தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், ஈஸ்ட். ஊற்றி மூக்கருகே கொண்டுபோனால் முந்திக்கொண்டு வருவது கிராம்பு வாசம். அதன் பின்னாலேயே நன்றாகக் கனிந்த வாழைப்பழம், லேசாக மிளகு. மூன்றுமே பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் கொத்தமல்லியோ தேடினாலும் சட்டென்று அகப்படுவதில்லை. புதிதாகச் சுவைத்துப் பழகுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறி, "மசாலா அதிகம்" என்று குறிப்பெழுதிவிடுகிறார்கள். அந்த வாசத்தில் பெரும்பங்கு ஈஸ்டின் கைவேலை.

ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஒரு கொடியின் பூ) தூக்கலாக, நறுமணப் பொருள் அளவாக, பெல்ஜிய ஈஸ்டில் நொதித்த ஏலில் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகை) வாசம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருப்பதுதான் சிக்கல். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொள்வதே இந்த வகை பீரைச் சுவைக்கும் வித்தையில் பாதி. முழுமையாகப் பிரிக்க முடியாத இடங்களும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

முதலில் ஈஸ்ட். மால்ட்டிலும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கோதுமையிலும் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. பெல்ஜிய ஏல் ஈஸ்டுகளில் பலவற்றுக்கு அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை 4-வினைல்குவாயகால் என்ற பீனாலாக மாற்றத் தெரியும். கிராம்பு வாசம் என்று நாம் சொல்வது அதைத்தான். உண்மையான கிராம்பில் இருப்பது யூஜெனால். வேறு பொருள், ஆனால் ஒரே குடும்பம். குளிரில் நொதிக்கும் லாகர் பீரின் ஈஸ்டுகளுக்கும் வழக்கமான ஆங்கில, அமெரிக்க ஏல் ஈஸ்டுகளுக்கும் இந்த வேலை தெரியாது. அதனால்தான் ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ் வைத்துக் காய்ச்சினாலும் ஈஸ்டை மாற்றினால் பீர் அடையாளம் தெரியாமல் மாறிப்போகிறது. பழ வாசங்கள், நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற வாசப் பொருள்களிலிருந்து வருகின்றன. வாழைப்பழ வாசத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட். நொதிக்கும் வெப்பம் ஏற ஏறப் பொதுவாக எஸ்டரும் ஏறும். பெல்ஜிய ஏல்களை 18 டிகிரி செல்சியசில் தொடங்கி 24 வரை ஏறவிடுவது சாதாரணம். செசோன் என்ற பெல்ஜிய பண்ணை ஏலின் ஈஸ்டுகள் 30-ஐத் தாண்டியும் நிம்மதியாக வேலை செய்யும்.

ஹாப்ஸ் இரண்டு வேலை பார்க்கிறது. மால்ட் சாற்றைக் கொதிக்கவைக்கும்போது, அந்தக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகிக் கசப்பைத் தருகின்றன. ஐபியு என்ற கசப்பு எண் ஏறக்குறைய ஒரு லிட்டரில் அவை எத்தனை மில்லிகிராம் என்பதுதான். கொதியின் கடைசியிலோ நொதித்த பிறகோ போட்டால் கசப்பு குறைவாகவும் எண்ணெய் வாசம் அதிகமாகவும் இறங்கும். நொதித்த பீரில் உலர்ந்த ஹாப்ஸை அப்படியே ஊறப்போடுவதை டிரை ஹாப்பிங் என்கிறார்கள். லிட்டருக்கு 2 முதல் 6 கிராம் வரை சாதாரணமாகப் போடுவதுண்டு.

மூன்றாவது நறுமணப் பொருள். 20 லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை உடைத்த கொத்தமல்லி விதை, அதே அளவு காய்ந்த ஆரஞ்சுத் தோல், கொதி முடிய 5 அல்லது 10 நிமிடம் இருக்கும்போது. அவ்வளவுதான். பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் பியேர் செலிஸ் 1960களில் மீட்டெடுத்த வெள்ளை பீரின் அடையாளமே இந்த ஜோடி. கிராம்பு போடுவதென்றால் அதே 20 லிட்டருக்கு ஒன்றிரண்டு போதும். "பெல்ஜிய பீரில் கிராம்பு வாசம் வரும்" என்று கேள்விப்பட்டுக் கைநிறைய அள்ளிப் போட்ட வீட்டுத் தயாரிப்புகள், நாக்கு மரத்துப்போகும் மருந்துபோல ஆகிவிடும். ஈஸ்ட் தானாகவே தரும் ஒன்றின் மேல் இன்னொரு அடுக்கு ஏற்றினால் வேறென்ன ஆகும்?

இனி கோப்பைக்கு வருவோம்.

பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கவிடும் பீர் என்றால் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். சுவைப்பதற்கு ஒரு நாள் முன்பே ஃபிரிட்ஜில் நிற்கவைத்துவிடுங்கள். படுக்கவைத்திருந்த பாட்டிலைத் தூக்கி உடனே திறந்தாலோ, போதுமான குளிர்ச்சி ஏறாமல் திறந்தாலோ, பாதி பீர் நுரையாக மேசைக்குப் போகும். இந்த வகை பீரில் கரியமில வாயு மிக அதிகம். சாதாரண ஆங்கில ஏலில் ஒரு லிட்டர் பீருக்கு 3 முதல் 4 கிராம் என்றால், இங்கே 6, 7 கிராம் வரை போகும்.

குடிக்க வேண்டிய வெப்பநிலை 8 முதல் 12 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சுமார் 15 நிமிடம் வெளியே வைத்தால் அந்த இடத்துக்கு வந்துவிடும். 4 டிகிரியில் குடித்தால் ஹாப்ஸின் கசப்பும் வாயுவின் குத்தலும் மட்டும் தெரியும். ஈஸ்ட் வாயே திறக்காது. நேரம் இருந்தால் 6 டிகிரியில் தொடங்கி 14 வரை ஏறவிட்டு, ஒரே கோப்பையை மூன்று தடவை முகர்ந்து பாருங்கள். ஹாப்ஸ் முன்னால் நின்று மெல்லப் பின்வாங்குவதும், எஸ்டர் பின்னாலிருந்து முன்னேறுவதும் தெரியும்.

கோப்பை, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். துலிப் வடிவம் சிறந்தது; கிடைக்காவிட்டால் ஒயின் கோப்பை தாராளமாகப் போதும். உயரமான நேர்க்கோப்பை வேண்டாம். வாசம் தங்காது. அதைவிட முக்கியம் சோப்புப் படலம் இல்லாமல் கழுவுவது. ஊற்றியதும் கோப்பையின் உள்சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெயோ சோப்போ இருக்கிறது. நுரை சீக்கிரம் அடங்குவதற்குப் பீரைக் குறைசொல்லும் முன் கோப்பையைப் பாருங்கள். குளிர்ந்த நீரில் அலசி, ஈரத்தோடேயே ஊற்றலாம்.

கோப்பையைச் சாய்த்து ஊற்றி, பாதியில் நிமிர்த்தி நுரை கட்டவிடுங்கள். சுவைத்துப் பார்க்க 120 முதல் 150 மில்லி போதும். 8 சதவீத ஏலில் 150 மில்லி என்றால் அதில் 9 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. மூன்று நான்கு கோப்பைக்குப் பிறகு எழுதும் குறிப்புகளை நம்ப வேண்டாம். பாட்டிலில் கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். முழுவதும் குடித்து முடித்தபின் அந்த வண்டலைக் கலந்து தனியாக ஒரு வாய் பார்க்கலாம்: மாவுத்தன்மை கூடும், கசப்பு மழுங்கும், ரொட்டிமாவு வாசம் வரும். அது குறையல்ல. ஆனால் முதல் கோப்பையிலேயே கலந்துவிட்டால் ஹாப்ஸைச் சரியாக எடைபோட முடியாது.

வாசம் பார்ப்பதில் ஒரு வரிசை உண்டு. ஊற்றியவுடன், நுரை அடங்குவதற்கு முன்பே, கோப்பையை மூக்குக்குக் கீழே ஒருமுறை வீசிக்கொண்டுபோய் எடுத்துவிடுங்கள். எளிதில் ஆவியாகும் ஹாப்ஸ் வாசமும், கந்தக வாடை இருந்தால் அதுவும் இந்த முதல் கணத்தில்தான் பிடிபடும். ஒரு நிமிடம் கழித்தால் போய்விடும். அடுத்து, குட்டிக் குட்டியாக இரண்டு மோப்பம். நீளமாக இழுக்காதீர்கள்; மூக்கு பழகிப்போய்ப் பிறகு எதையும் சொல்லாது. மூன்றாவதாக, கோப்பையைச் சுழற்றி, உள்ளங்கையால் மூடிப் பத்து விநாடி வைத்துத் திறந்து முகருங்கள். அடங்கியிருக்கும் பீனாலும் எஸ்டரும் இப்போது வரும். மூக்கு களைத்தால் உங்கள் முழங்கை மடிப்பையே முகர்ந்துவிட்டு வாருங்கள். பழகிய உடல் வாசம் மூக்கைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்போது வாய். முதல் மிடற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு எடுங்கள். இந்த ஒரு சோதனை, பத்துக் கோப்பை கற்றுத்தராததைக் கற்றுத்தரும். மூக்கு மூடியிருக்கும்போது வாயில் மிஞ்சுவது கசப்பு, இனிப்பு, புளிப்பு போன்ற அடிப்படைச் சுவைகளும், துவர்ப்பு, உறைப்பு, வாயுவின் குத்தல் போன்ற தொடு உணர்வுகளும் மட்டுமே. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். தொண்டை வழியாக மேலேறும் காற்றில் கிராம்பும் ஆரஞ்சும் மலரும் சட்டென்று வந்து விழும். விட்டபின் மட்டும் வந்தவை எல்லாம் வாசம். முன்பே இருந்தவை சுவையும் தொடு உணர்வும்.

மிளகு விஷயத்தில் இது உடனே பலன் தரும். மிளகோ இஞ்சியோ உண்மையிலேயே போட்டிருந்தால் மூக்கைப் பொத்தினாலும் நாக்கில் உறைக்கும். ஈஸ்ட் தரும் 'மிளகு' வெறும் வாசம். பொத்தினால் காணாமல் போகும். உறைப்பு போலவே ஏமாற்றும் இரண்டு வேறு ஆட்களும் உண்டு. ஒன்று வாயு. கோப்பையை நன்றாகச் சுழற்றி வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி குடித்தால் அந்தக் குத்தல் குறையும். இன்னொன்று ஆல்கஹால். அது நாக்கு நுனியில் நிற்காது. தொண்டையில் சூடாக இறங்கி நெஞ்சுவரை போகும். 9 சதவீத ஏலில் இதமான சூடு இயல்பு. மூக்கைக் கிள்ளுகிற எரிச்சலாக வந்தால் நொதிக்கும்போது வெப்பம் கட்டுமீறி உயர் ஆல்கஹால்கள் உருவாகியிருக்கின்றன.

கசப்பையும் துவர்ப்பையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை, இருந்தும் பீர் என்று வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் 'கசப்பு' என்றே எழுதிவிடுகிறார்கள். கசப்பு நாக்கின் பின்பகுதியில் மெதுவாக எழும். விழுங்கிய பிறகும் சில விநாடி ஏறிக்கொண்டே போகும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் பிடித்து இழுக்கும். மூன்றாவதாகக் காரல் இருக்கிறது: தொண்டையைச் சுரண்டுவது. ஹாப்ஸ் கசப்பு சுத்தமாக வந்து சுத்தமாகப் போக வேண்டும். துவர்த்தால் மால்ட் உமியைச் சூடான நீரில் அதிகம் அலசியிருக்கலாம், அல்லது நறுமணப் பொருளை நெடுநேரம் கொதிக்கவிட்டிருக்கலாம். ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளைச் சதை சேர்ந்தாலும் தடித்த ஒரு கைப்பு வரும். காரல் என்றால் பெரும்பாலும் ஹாப்ஸும் ஈஸ்டும் மோதுகின்றன.

அந்த மோதல்தான் இந்த வகை பீரின் அடிப்படைச் சிக்கல். அமெரிக்க ஐபிஏ-வின் (ஹாப்ஸ் தூக்கலான இந்தியா பேல் ஏல்) ஹாப்ஸை எடுத்துப் பெல்ஜிய ஈஸ்டில் போட்டால் பெல்ஜிய ஐபிஏ வந்துவிடும் என்று நினைப்பது எளிது. ஆனால் பெல்ஜிய ஈஸ்ட் சர்க்கரையில் 80 சதவீதத்துக்கு மேல் தின்றுவிட்டு, இனிப்பே இல்லாமல் வறட்சியாக முடிக்கும். அதே 60 ஐபியு, இனிப்பு மிஞ்சிய பீரில் மிதமாகவும் வறண்ட பீரில் கடுமையாகவும் தெரியும். அதன்மேல் கிராம்பு பீனால், பிசின் வாசமுள்ள ஹாப்ஸ், சல்பேட் அதிகமான தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் வாய் மறுபடி கோப்பையைத் தேடாது. பழவாசம் தூக்கலாகவும் பீனால் அடக்கமாகவும் உள்ள ஈஸ்டும், ஆரஞ்சு, பூ வாசமுள்ள ஹாப்ஸும் சேர்ந்தால்தான் பொருந்திப்போகும் என்பது எங்கள் கருத்து. போட்டிகளில் பயன்படும், பீர் நடுவர்களின் அமைப்பான பிஜேசிபி-யின் வரையறை பெல்ஜிய ஐபிஏ-வுக்கு 50 முதல் 100 ஐபியு வரை இடம் தருகிறது. அந்த 100-ஐ எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பிரிக்க முடியாத இடங்கள் உண்டு என்றோமே, அதற்கு வருவோம். கொத்தமல்லி விதை எண்ணெயில் பெரும்பகுதி லினலூல் என்ற வாசப் பொருள். ஹாப்ஸ் எண்ணெயிலும் லினலூல் இருக்கிறது. மூலக்கூறு ஒன்றேதான், மூக்கால் அதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எலுமிச்சை கலந்த பூ வாசத்தோடு பச்சைப் புல்லோ, பைன் பிசினோ, பம்ப்ளிமாஸோ வந்தால் ஹாப்ஸ். அதே பூ வாசத்தோடு காய்ந்த விதையின் தூள் மணம் வந்தால் கொத்தமல்லி. ஆரஞ்சிலும் அப்படித்தான். தோல் என்றால் பழத்தை உரிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் போலக் கூர்மையாக வந்து சீக்கிரம் அடங்கும். ஹாப்ஸ் ஆரஞ்சு கசப்பைக் கையோடு கூட்டிவரும். ஈஸ்ட் ஆரஞ்சு மென்மையாக, பேரிக்காய் வாழைப்பழங்களோடு சேர்ந்து, பீர் சூடேறும்போது வளரும். கூட வந்த ஆள் யாருமே தெரியாவிட்டால் 'எலுமிச்சைப் பூ வாசம்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசத்தை முதலில் எழுதி, காரணத்தை அடுத்து எழுதி, லேபிளைக் கடைசியில் படிப்பதுதான் நல்ல பழக்கம். முதலிலேயே படித்துவிட்டால் மூக்கு லேபிளைத்தான் முகரும்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "6 டிகிரி: பம்ப்ளிமாஸ், பச்சைப் புல். 12 டிகிரி: கிராம்பு (மிதம்), பேரிக்காய். வாய்: கசப்பு நடுவில் எழுந்து 30 விநாடி நிற்கிறது, துவர்ப்பு இல்லை, மூக்கைப் பொத்தினால் உறைப்பு இல்லை. முடிவு வறட்சி. கொத்தமல்லி: சந்தேகம்." 'அருமை', 'சுமார்' என்ற சொற்களால் பிறகு எந்தப் பயனும் இருக்காது.

கெட்டுப்போன பீரைப் பெல்ஜிய குணம் என்று ஏற்றுக்கொண்டுவிடும் ஆபத்தும் இங்கே அதிகம், ஏனென்றால் விநோத வாசம்தானே இந்த பீரின் பெருமை. கிராம்பு சரி. ஆனால் பிளாஸ்திரி, கிருமிநாசினி வாடை வந்தால் அது குளோரோபீனால். குளோரின் கலந்த தண்ணீரோ சரியாக அலசாத பாத்திரமோ காரணம். பழம் சரி. நகப்பூச்சு வாடை வந்தால் எத்தில் அசிட்டேட் எல்லை மீறியிருக்கிறது. நனைந்த அட்டை வாசம் என்றால் ஆக்சிஜன் புகுந்து பழசாகிவிட்டது. ஹாப்ஸ் வாசம்தான் முதல் பலி. ஹாப்ஸ் பழசாக இருந்தால் பாலாடைக்கட்டி நாற்றம் வரும். விதை பழசாக இருந்தாலோ அளவு மீறினாலோ செலரி அல்லது உப்பிட்ட இறைச்சி போன்ற வாடையும், சில நேரம் சோப்புச் சுவையும் வரும். இன்னொன்று வெளிச்சம். ஐசோ ஆல்ஃபா அமிலத்தின் மேல் வெளிச்சம் பட்டால், பீரில் இருக்கும் ரிபோஃபிளேவினின் உதவியோடு கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகி நாறும். பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில் இது எளிதில் நடக்கும். கோப்பையில் ஊற்றி வெயிலில் வைத்தால் சில நிமிடங்களே போதும். ஹாப்ஸ் கூடக்கூட இந்த அபாயமும் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

வயது விஷயத்தில் ஈஸ்டும் ஹாப்ஸும் வேறு வேறு பாதையில் போகின்றன. கிராம்பு பீனாலும் மாதக்கணக்கில் மெல்லத் தேயும், ஆனால் டிரை ஹாப்பிங் வாசம் முதல் சில மாதங்களிலேயே சரிந்துவிடும். ஆகவே ஹாப்ஸுக்காக வாங்குகிற பாட்டில் என்றால் புதிதாகப் பார்த்து வாங்குங்கள். பெல்ஜியத்து ஓர்வால் மடாலய பீர் ஒரு விதிவிலக்கு. 6.2 சதவீதம், டிரை ஹாப்பிங் செய்தது, பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டும் சேர்ப்பது. லேபிளில் அடைத்த தேதி இருக்கும். இளசில் ஹாப்ஸ், ஓராண்டு கழித்துத் தோல், பழைய மரம் போன்ற வாசங்கள் என்று ஆளே மாறிவிடும். இரண்டு வயதுகளில் இரண்டு பாட்டில் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூக்கைப் பழக்க வீட்டிலேயே ஒரு பயிற்சி. ஒரு கிராம் கொத்தமல்லி விதையை ஒன்றிரண்டாக உடைத்து 100 மில்லி வெந்நீரில் போட்டு மூடி, 5 நிமிடம் கழித்து வடிகட்டி ஆறவிடுங்கள். இன்னொரு கோப்பையில் ஒரே ஒரு கிராம்பு, மூன்றாவதில் வெள்ளைச் சதை படாமல் சீவிய ஆரஞ்சுத் தோல். ஒவ்வொன்றிலும் 5 மில்லி எடுத்து, 150 மில்லி மெல்லிய லாகரில் கலந்து முகருங்கள். தெரியவில்லை என்றால் 10 மில்லி. தெரிய ஆரம்பிக்கும் அளவைக் குறித்து வையுங்கள்; அது ஆளுக்கு ஆள் மாறும். பிறகு வேறொருவரைக் கொண்டு மூன்று கோப்பைகள் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் வெறும் லாகர், ஒன்றில் கலந்தது, எது எதில் என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால் ஒருமுறை சரியாகச் சொன்னதும் துள்ள வேண்டாம். 6 முறையில் 5 முறை சரியாக வந்தால் உங்கள் மூக்குக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பீர்களை ஒப்பிட்டுப் பழக வேண்டுமென்றால் ஜோடியாக எடுங்கள். நறுமணப் பொருளே இல்லாமல் ஈஸ்ட் எவ்வளவு மிளகு தரும் என்பதற்குச் செசோன் டுபோன், 6.5 சதவீதம். கொத்தமல்லிக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் பக்கத்தில் ஹூகார்டன். பெல்ஜிய ஈஸ்டில் கசப்பை எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு டே ராங்கே ஆலையின் எக்ஸ்எக்ஸ் பிட்டர், 6 சதவீதம்தான்; ஆனால் கசப்பில் தயவு காட்டாது. இவற்றுக்கெல்லாம் மேல் சிறந்த பாடம் ஆர்டென் மலைப்பகுதியின் ஆஷூஃப் ஆலையிலிருந்து வரும் இரண்டு பாட்டில்கள்: கொத்தமல்லி சேர்த்த லா ஷூஃப், 8 சதவீதம், அதே ஆலை 2006-ல் கொண்டுவந்த ஹூப்லோன் ஷூஃப், 9 சதவீதம், டோமஹாக், சாஸ், அமரில்லோ என்று மூன்று ஹாப்ஸ். லா ஷூஃபை முதலில் ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் ஹாப்ஸின் கசப்பு நாக்கில் தங்கிவிடும். அதன்பின் கொத்தமல்லியைத் தேட வேண்டியிருக்கும்.